புது இரும்புக்கு எண்ணெய்

"அமுக்கு."

அமுக்கினேன்.

"புடி."

பிடித்துக்கொண்டேன்.

"வுடு."

விட்டேன்.

ஓட்டத் தெரியாத நான் டிரைவர் சீட்டில் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஓட்டத் தெரிந்த என் வீட்டுக்காரர் ஏழுமலை, முன்சக்கரம் கழற்றிய இடத்தில் கையில் ஸ்பேனரோடு மண்ணில் குந்தியிருந்தார். அவர் பக்கத்தில் மெக்கானிக் அந்தோணி ஒரு காலி டானிக் பாட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தான். பிரேக்கிலிருந்து ஒரு ரப்பர் குழாய் அந்தப் பாட்டிலுக்குள் போனது. நான் பெடலை அமுக்கும்போதெல்லாம் பாட்டிலுக்குள் குமிழி கிளம்பும். பிரேக் குழாயில் காற்று இருந்தால் பிரேக் பிடிக்காதாம். குமிழி நிற்கும் வரை நான் அமுக்க வேண்டும், பிடிக்க வேண்டும், விட வேண்டும்.

வேலிக்கு அந்தப் பக்கம் வறட்டி தட்டிக்கொண்டிருந்த அஞ்சலையக்கா எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி பூங்காவனம், புருசன் அமுக்குன்னா அமுக்குற, வுடுன்னா வுடுற? ஒடம்பு கிடம்பு சரியில்லயா?"

"இன்னிக்கு ஒரு நாளுதான்க்கா. இப்ப நான் அமுக்கறது அவரு வண்டிய. சாயந்திரம் அவரு அமுக்கப் போறது எங் கால."

அந்தோணி சிரித்த சிரிப்பில் பாட்டில் கவிழ்ந்து பிரேக் ஆயில் மட்கார்டில் சிந்தியது. சிந்திய இடத்தில் வெள்ளைப் பெயிண்ட் வெந்த தோல் மாதிரி உரிந்துவிட்டது. "ஏமே, ஒன் வாயால எங் காரு தோலு உரிஞ்சிப் போச்சி பாரு" என்றார் என் வீட்டுக்காரர்.

கார் உடைந்து போன பிறகும் அந்தத் தழும்பு மட்டும் அப்படியே இருந்தது.

கேட்டவருக்குப் பதில்

வாராவாரம் இந்தப் பத்திரிகையில் சிரிக்க வைக்கிறீர்களே, உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி மட்டும் ஏன் ஒரு வரிகூட எழுதுவதில்லை என்று மணலூர்பேட்டைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா கேட்டிருந்தார். போன வாரம் ஆடு என் ஓட்டுச் சீட்டைத் தின்ற கதையைப் படித்துவிட்டுக் கேட்ட கேள்வி. ஆட்டைப் பற்றி எழுதுகிறவள் புருஷனைப் பற்றி எழுதக் கூடாதா என்று அவருக்கு ஆதங்கம்.

எழுதலாம் அம்மா. சிரிப்பாய் வராது. அதுதான் தள்ளிப் போட்டுக்கொண்டு வந்தேன்.

நான் மூன்றாவது வரை படித்தவள். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். இதில் எழுத்துப் பிழை இருந்தால் அவளுடையது, பொய் இருந்தால் என்னுடையது என்று வழக்கமாகச் சொல்வேன். இந்த வாரம் பொய் ஒன்று இருக்கிறது. அது வருகிற இடத்தில் நானே சொல்கிறேன்.

காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை

எங்கள் ஊர் கச்சிராயபாளையத்துக்குப் பக்கம். கதவைத் திறந்தால் கல்வராயன் மலைதான் முகத்தில் விழும். கள்ளக்குறிச்சியில் வாடகைக் கார் வைத்திருந்தவர்கள் மலைக்கு வரச் சொன்னால் பல்வலி என்பார்கள். வெள்ளிமலை வரை ஏற்றி இறக்கியது எங்கள் உருண்டை முதுகுக் கார் ஒன்றுதான். கல்யாண கோஷ்டி, மரவள்ளி மூட்டை, ஒரு தடவை காளைக் கன்று எல்லாம் ஏறியிருக்கின்றன. கன்றுதான் சீட்டை நாசம் செய்யாமல் இறங்கியது. கல்யாண கோஷ்டியைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.

ஒரு நாள் மலையிலிருந்து பெண் வீட்டாரை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது பிரேக் சூடேறிக் கைவிட்டது. பெடலை மிதித்தால் கால் அப்படியே தரையைத் தொட்டதாம். நல்லகாலம், மண் சரிந்து கிடந்த ஒரு மேட்டில் காரை ஏற்றி நிறுத்திவிட்டார். உள்ளே இருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்றுகூடத் தெரியவில்லை. வண்டி ஏன் நின்றது என்று சண்டை பிடித்தார்களாம்.

வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. தொட்டியில் தண்ணீர் மொண்டு வலது காலை மட்டும் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க, கால்ல அசிங்கம் மிதிச்சிட்டீங்களா?"

"இல்லமே. காலுக்குக் கீழ ஒண்ணுமே இல்லாத மாரி கீது."

அன்றைக்குத்தான் முடிவு செய்தார். காரை விற்பதில்லை, மலையை விடுவதில்லை, பிரேக்கை மாற்றுவது.

அழுகிற இரும்பு

இந்த இடத்தில் என் மாமனாரைச் சொல்லியாக வேண்டும். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்விட்டாள். மாமாவுக்குக் கரும்புக் கொல்லையும் ஒரு கிண்ணம் வேப்பெண்ணெயும்தான் துணை.

அவருக்கு இரும்பு என்றால் பிள்ளை மாதிரி. ஏர்க்கொழு, மண்வெட்டி, கடப்பாரை, அரிவாள் எல்லாவற்றையும் வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து, பழைய வேட்டித் துணியில் எண்ணெய் தொட்டுப் பூசித்தான் வைப்பார். வெள்ளிக்கிழமை ஆனால் கதவுக் கீல், கிணற்று ராட்டினம், பெட்டிப் பூட்டு வரைக்கும் சுற்றி வருவார். சனிக்கிழமை மட்டும் இரும்பைத் தொட மாட்டார். அது ஆகாது.

கிணற்றில் ராட்டினம் லேசாகக் கிறீச்சிட்டால் போதும், கொல்லையிலிருந்தே குரல் கொடுப்பார்.

"ஏம்மா, இரும்பு அழுவுது பாரு. ரெண்டு சொட்டு வுடு."

ஒரு முறை என் தோசைக்கல்லுக்கும் பூசிவிட்டார். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டுத் தோசைக்கு வயிற்றுப் பூச்சி மருந்தின் ருசி. "நல்லதுதான், புள்ளைக்குப் பூச்சி போவும்" என்று என் மகளைக் காட்டிச் சொல்லிவிட்டு அவர் மட்டும் இரண்டு கூடுதலாகச் சாப்பிட்டார்.

வீடெல்லாம் வேப்பெண்ணெய் வாசனைதான். எங்களுக்கு அது பழகிப்போய் மூக்கில் ஏறுவதே இல்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாசலில் பட்டறை

உளுந்தூர்பேட்டையில் காயலான் கடை ஒன்றில், பின்பக்கம் நசுங்கிய ஒரு பணக்காரக் கார் கிடந்தது. அதன் முன்பக்கத்துப் பிரேக்கை அந்தோணி பார்த்து வைத்திருந்தான். அவனும் அங்கேதான் லாரி செட்டில் வேலை செய்தான். என் வீட்டுக்காரருக்கு லைசென்ஸ் எடுத்த காலத்திலிருந்தே சிநேகிதம்.

"இந்த வண்டிக்கு அந்தப் பிரேக்கா? கழுதைக்குக் குதிர லாடம் அடிக்கறியா?" என்று டவுன் பட்டறையில் சிரித்தார்களாம். ரோஷம் வந்து வீட்டு வாசலிலேயே மாட்டிவிடுவது என்று இரண்டு பேரும் இறங்கினார்கள்.

எனக்கு அந்தோணி விளங்கச் சொன்னான். "பழைய பிரேக்கு மூடுன பானை மாரி அண்ணி. உள்ளக்குள்ளயே தேஞ்சி உள்ளக்குள்ளயே சூடாவும். இது தொறந்த தட்டு. ஒங்க தோசக்கல்ல ரெண்டு பக்கமும் இடுக்கி புடிச்சா எப்பிடி? அப்பிடிப் புடிக்கும். காத்து பட்டு ஆறிடும்."

தோசைக்கல் என்றதும் எனக்கு மாமாவின் ஞாபகம் வரவில்லை. வந்திருக்கலாம். யாருக்குத்தான் வரும்?

ஜாக்கி வைத்துத் தூக்கி, பனங்கட்டை அண்டை கொடுத்தார்கள். பழைய டிரம் கழற்ற வரவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, என் உலக்கையைக் கொண்டு தட்டினார்கள். செம்புக் குழாயை வளைக்கவும் அதே உலக்கைதான். அதன் மேல் சுற்றி வளைத்தால் நெளியாமல் வரும் என்று கண்டுபிடித்தது நான். அதற்கு எனக்கு யாரும் பட்டம் தரவில்லை. துளை பொருந்தாத இடத்துக்கு அந்தோணி கள்ளக்குறிச்சி லேத்தில் தகடு கடைந்து வந்தான்.

எல்லாம் மாட்டியதும் இரண்டு தட்டையும் பெட்ரோலில் துணி நனைத்துத் துடைத்தான்.

"தட்டுல கைய வெக்காதீங்க. எண்ணெப் பசை துளி பட்டாலும் புடிக்காது. பட்டுதுன்னா பெட்ரோல் போட்டுத் தொடச்சிடணும்ண்ணே."

நாங்கள் எல்லோரும் கேட்டோம். அஞ்சலையக்காகூட வேலியிலிருந்து கேட்டாள். மாமா மட்டும் அங்கே இல்லை. கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போயிருந்தார்.

ஏரிக்கரையில் காரை ஓட்டிப் பார்த்தோம். என் வீட்டுக்காரர் வேகமாகப் போய் ஒரே மிதி மிதித்தார். கார் நட்ட கல்லாக நின்றது. பின்னால் இருந்த நான் முன் சீட்டில் முட்டிக்கொண்டேன்.

"எப்பிடிமே?"

"பிரேக்கு நல்லாதான் கீது. எம் மூக்குதான் அப்பளமாப் போச்சி."

அவர் அப்படிச் சிரித்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. காலுக்குக் கீழே தரை திரும்பி வந்துவிட்டது.

வைக்கோல் போரில் சக்கரம்

அந்த வாரமே மறியல் தொடங்கியது.

படிப்பிலும் வேலையிலும் இட ஒதுக்கீடு கேட்டு ஜனங்கள் சாலையெல்லாம் மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். நூறு வருஷத்துப் புளியமரங்கள் காயோடு ரோட்டில் படுத்துக் கிடந்தன. உளுந்தூர்பேட்டையில் லாரிச் சத்தம் நின்று காக்காய்ச் சத்தம் கேட்கிறது என்றார்கள். எங்கேயோ போலீஸ் சுட்டு ஆட்கள் விழுந்துவிட்டார்கள் என்றும் பேச்சு. ரேடியோ சொல்லவில்லை, டீக்கடை சொன்னது. எங்கள் தெருப் பையன்களும் கோடாலி எடுத்துக்கொண்டு போனார்கள். படித்துவிட்டு வேலை இல்லாமல் எங்கள் கண்ணெதிரே காய்ந்தவர்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. காயோடு சாய்ந்த மரத்தைப் பார்த்தாலும் வயிறு எரியும்.

கார் வைத்திருந்தவர்களுக்கு இரண்டு பக்கமும் பயம். ஆள் ஏற்ற வா என்று மறியல்காரர் கூப்பிடுவார், நீயும் அதில் சேர்த்தியா என்று போலீஸ்காரர் கேட்பார். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். சக்கரத்தைக் கழற்றி வைக்கோல் போருக்குள் ஒளித்துவிடுவது. சக்கரம் இல்லாத காரை யார் என்ன செய்ய முடியும்?

என் வீட்டுக்காரரும் முன்சக்கரம் இரண்டையும் கழற்றிப் போருக்குள் சொருகினார். கார் பனங்கட்டையின் மேல் முன்காலை மடித்துப் படுத்த மாடு மாதிரி நின்றது. பஸ் இல்லாததால் அந்தோணி யாருடைய சைக்கிளையோ இரவல் வாங்கிக்கொண்டு வயல் வழியாக ஊருக்குப் போனான்.

புரட்டாசி மழை பிடித்துக்கொண்டது. கீற்றுக் கொட்டகையில் சாரல் அடித்தது. ஒரே ராத்திரியில் புதுத் தட்டு இரண்டும் மஞ்சள் பூசின மாதிரி துருவேறிவிட்டன.

காலையில் மாமா அதன் முன்னால் குந்தியிருந்தார்.

"ஏன்டா ஏழுமல, புது இரும்பு. இப்பிடிப் போட்டுக் கெடுத்து வெச்சிக்கீற?"

"அது ஒண்ணும் பண்ணாது நைனா. வண்டி ஓடுனா தானா போய்டும்."

"துரு தானா போவுமா? எந்த ஊருல?"

"நீ போயி கஞ்சி குடி நைனா."

மகன் டீக்கடைக்குச் சேதி கேட்கப் போனார். நான் கிணற்றடியில் துணியோடு இருந்தேன். மாமா கஞ்சி குடிக்கப் போனார் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம்.

வேப்பிலை கட்டிய கார்

மறியல் முடிவதற்குள் ஒரு நாள், உச்சி சாய்ந்த நேரம், மலைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் எங்கள் வாசலில் வந்து நின்றார். முழுக்க நனைந்திருந்தார். குடை ஒரு பக்கம் மடங்கிக் கிடந்தது. மலையிலிருந்து நடந்தே இறங்கியிருக்கிறார்.

"கொழந்தைக்கு ஜொரம் வுடலைங்க. நேத்துலேர்ந்து ஜன்னி கண்டு இழுக்குது. பஸ்ஸு இல்ல. எப்பிடியாச்சும் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு சேக்கணும்."

என் வீட்டுக்காரர் கேட்டதும் எழுந்தார். நேரே வைக்கோல் போருக்குப் போனார்.

தெருப் பையன்கள் ஓடி வந்தார்கள். காலையில் மரம் சாய்த்த கைகள்தான் சாயந்திரம் சக்கரம் உருட்டின. "ஒடம்பு முடியாத கொழந்தன்னா யாரும் மறிக்க மாட்டாங்கண்ணே" என்று ஒருத்தன் வேப்பிலைக் கொத்தை ஒடித்து காரின் முகத்தில் கட்டினான். நோயாளி இருக்கிற வண்டிக்கு அந்த நாளில் அதுதான் அடையாளம்.

வானம் மூடியிருந்தது. கொட்டகைக்குள் இன்னும் மங்கல். தட்டு இரண்டும் துரு இல்லாமல் மினுமினு என்று இருந்ததைப் பார்க்க அவருக்கு நேரம் இல்லை. சக்கரத்தை மாட்டி நட்டை முறுக்கினார்.

மாமா பக்கத்தில் வந்து காரைத் தட்டிக் கொடுத்தார்.

"நான் பாத்துக்கினுதான் இருந்தேன். பயப்படாமப் போ."

காருக்குக் காவல் இருந்ததைச் சொல்கிறார் என்று நினைத்தோம்.

"வர நேரமாவும். சோத்த வெச்சிடு" என்றார் என் வீட்டுக்காரர்.

"வந்தா பாதி ஒங்களுக்கு. வராட்டி முழுசும் எனக்கு."

சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார். எங்கள் இருவருக்குள் நடந்த கடைசி வேடிக்கை அது. அன்றைக்குச் சோறு முழுசும் எனக்குத்தான்.

மற்றதை வாத்தியார் சம்சாரம் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஏறும்போது பிரேக்குக்கு வேலை இல்லை. மலைப் பக்கம் போகிற ரோட்டில் மட்டும் மரம் சாய்க்கவில்லை. அடிவாரம் வரைக்கும் பஸ் இல்லை, லாரி இல்லை, ஒரு மாட்டு வண்டிகூடக் குறுக்கே வரவில்லை. மறியல் ரோட்டைத் துடைத்து வைத்திருந்தது. ஒரு இடத்திலாவது ஓங்கி மிதித்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும்.

குழந்தையை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது முதல் வளைவிலேயே முகம் மாறியதாம். கியரைக் குறைத்தார். திரும்பத் திரும்ப மிதித்தார். முன்சக்கரத்திலிருந்து புகை வந்தது. கோயில் விளக்கு அணைந்தது மாதிரி ஒரு வாசனை.

"வேப்பெண்ணெ வாசன வருதேங்க" என்று அந்த அம்மா கேட்டிருக்கிறார்.

"முன்னால கட்டின வேப்பிலதாம்மா" என்றாராம்.

அவருக்கு உண்மையாகவே அப்படித்தான் தோன்றியதா, பயப்படாமல் இருக்கச் சொன்னாரா, எனக்குத் தெரியாது. அவர் வீட்டு வாசனை அது.

பலாமரத்து வளைவில் இடது பக்கம் கிடுகிடு பள்ளம். வலது பக்கம் பாறை. "கொழந்தைய இறுக்கிப் புடிச்சிக்கினு ரெண்டு பேரும் அந்தண்ட இடது பக்கம் ஒண்டுங்க" என்று சொல்லிவிட்டுக் காரை வலது பக்கம் ஒடித்துப் பாறையில் உரசவிட்டார். டிரைவர் சீட்டு வலது பக்கம்தானே.

கார் நின்றது. குழந்தைக்கு ஒரு கீறல் இல்லை. மலை ஜனங்கள் அதைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அடிவாரத்தில் யாரோ டிராக்டர் எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டது.

என் வீட்டுக்காரரைக் கயிற்றுக் கட்டிலில் வைத்து இறக்கினார்கள். அடிவாரம் வருவதற்குள் முடிந்துவிட்டது.

அந்தோணி விரலை முகர்ந்தான்

வேப்பெண்ணெய் வாசனை என்று அந்த அம்மா சொன்ன நிமிஷமே எனக்கு விளங்கிவிட்டது. மாமா என் எதிரில்தான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அழவில்லை. மகனுடைய ஸ்பேனரை எடுத்து வேட்டி முனையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

தெரு வேறு கணக்குப் போட்டது. "உளுந்தூர்பேட்ட மெக்கானிக்கு மாட்டுன பிரேக்கு. ஒதவாத சாமான மாட்டி ஆளையே முடிச்சிட்டான். வரட்டும் அவன்."

அவன் வந்தான். ரோடு திறந்ததும் அதே சைக்கிளில் மிதித்துக்கொண்டு வந்தான். காரை டிராக்டரில் கட்டி இழுத்துவந்து வாசலில் போட்டிருந்தார்கள். என்னைப் பார்க்க அவனுக்கு முகம் இல்லை. நேரே காரிடம் போனான். பையன்கள் சுற்றி நின்றார்கள். ஒருத்தன் கையில் கட்டை.

"பாருடா. நல்லாப் பாரு. ஒன் வேல லட்சணத்த."

இடது சக்கரம் நசுங்கவில்லை. அதைக் கழற்றினான். தட்டில் விரலை வைத்துத் தேய்த்தான். விரலை முகர்ந்தான்.

பிறகு தலையைத் தூக்கி வீட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான்.

வாயைத் திறந்தால் அவன் தப்பித்துவிடலாம். ஒரு வார்த்தை போதும். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, "ஆமா. நான் மாட்டுனதுதான்" என்றான்.

கட்டை வைத்திருந்தவன் ஒரு அடி முன்னால் வந்தான்.

அப்போதுதான் மாமா எழுந்து வந்தார். காருக்கு முன்னால் குந்தி, அந்தத் தட்டைத் தடவினார். மாட்டின் நெற்றியைத் தடவுவது போல.

"எனக்கு ஒண்ணுதான்டா அந்தோணி வெளங்கல. நல்லா எண்ணெ போட்டுத்தானே வெச்சிருந்தேன். துருவெல்லாம் தேச்சி எடுத்துட்டு, சந்து பொந்தெல்லாம் வுட்டு, ரெண்டு பக்கமும் பூசிதானே வெச்சேன். அப்பிடி இருந்தும் எப்பிடிப் புடிக்காமப் போச்சி?"

வேலிக்கு அந்தப் பக்கம் அஞ்சலையக்கா வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள். எண்ணெய் படக் கூடாது என்று அந்தோணி சொன்னது அவளுக்கும் தெரியும். கட்டை வைத்திருந்த பையன் கட்டையைப் பார்த்தான், எதற்கு இது தன் கையில் இருக்கிறது என்பது மாதிரி.

மாமா ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது சொல்ல வேண்டும்.

நான் சொன்னேன்.

"நீங்க எண்ணெ போட்டதாலதான் மாமா அந்த அளவுக்காச்சும் புடிச்சிது. இல்லன்னா கொழந்தயும் போயிருக்கும். மலை ரோடு. மழ. இன்னா பண்றது?"

அந்தப் பொய் இதுதான்.

"அப்பிடியா அந்தோணி?" என்று கேட்டார்.

"அண்ணி சொல்றதுதான் நைனா" என்றான் அந்தோணி.

தெருவே கேட்டுக்கொண்டு நின்றது. பேச்சுக்கு வரிந்து கட்டிக்கொண்டு வருகிற எங்கள் தெரு, அந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயைக் கட்டிக்கொண்டது. அந்தப் பையன் கட்டையை வேலியோரம் போட்டுவிட்டு, உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அந்தோணியிடம் நீட்டினான்.

சாம்பல்

பொய்க்கு ஒரு பழக்கம் உண்டு. சொன்னதோடு நிற்காது, நம்மிடம் வேலை வாங்கும்.

என் மகள் செல்வி பெரிய வகுப்புக்கு வந்ததும் சைக்கிளில் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். எண்ணெய்தான் குழந்தையைக் காப்பாற்றியது என்று நம்பிய மனிதர் பேத்தியின் சைக்கிளைச் சும்மா விடுவாரா? வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆனால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பிரேக் கட்டை கவ்வுகிற சக்கர வளையம் முழுக்க எண்ணெய் பூசுவார். ஆசை ஆசையாக, ஒரு இடம் விடாமல்.

சனிக்கிழமை விடியலில், அவர் எழுந்திருப்பதற்கு முன்னால், நான் அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டு போவேன். வளையத்தைச் சாம்பல் போட்டுத் தேய்ப்பேன். ஈரத் துணியால் துடைப்பேன். பிறகு சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பிரேக்கைப் பிடித்துப் பார்ப்பேன்.

அமுக்கு. புடி. வுடு.

யாரும் சொல்லாமலே காதில் கேட்கும். சக்கரம் நின்றால்தான் உள்ளே போவேன்.

இப்படியே எத்தனையோ வெள்ளிக்கிழமை, எத்தனையோ சனிக்கிழமை. அவர் பூசுவார், நான் துடைப்பேன். எந்தக் கடவுளுக்கும் நான் அவ்வளவு ஒழுங்காக விரதம் இருந்ததில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை செல்வி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, புத்தகப் பையைப் போட்டுவிட்டு, எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்த தாத்தாவிடம் வெடுக்கென்று சொன்னாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. நாங்கள் சொன்னதில்லை.

"தாத்தா, ரிம்முல எண்ணெ வெக்காத. ஆரக்கால் சந்துல எண்ணெய்ய பாத்துட்டு சைக்கிள் கடக்காரரு திட்றாரு. சக்கரத்துல எண்ணெ இருந்தா பிரேக்கு புடிக்கவே புடிக்காதாம். ஆளே போய்டுமாம்."

நான் அடுப்படியிலிருந்து ஓடி வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டாள்.

மாமா கையில் கிண்ணம் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்பிடியாம்மா?" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கிண்ணத்தைக் கொண்டுபோய் மாடத்தில் வைத்தார். சோறு போட்டேன், பிசைந்துவிட்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் விடியலில் சாம்பல் அள்ளிக்கொண்டு போனேன். சைக்கிள் தலைகீழாக நின்றது. வளையம் வெள்ளை வெளேரென்று துடைத்திருந்தது. மாமா பக்கத்தில் குந்தியிருந்தார். இரண்டு கையும் முழங்கை வரை சாம்பல்.

சனிக்கிழமை அது. இரும்பைத் தொடாதவர்.

நான் கொண்டுபோன சாம்பலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அவர் என் கையில் இருந்ததைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். பிரேக்கைப் பிடித்தார். நின்றது. எழுந்து கொல்லைக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு அந்தக் கிண்ணத்தை அவர் தொடவே இல்லை. மண்வெட்டி துருவேறியது. கதவுக் கீல் முனகியது. கிணற்று ராட்டினம் ஒவ்வொரு குடத்துக்கும் ஊரைக் கூட்டிக் கத்தியது.

"இன்னாடி இது, காதக் கிழிக்குது. ரெண்டு சொட்டு எண்ணெ வுடக் கூடாதா?" என்றாள் அஞ்சலையக்கா.

மாடத்திலிருந்து கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். மாமா கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

"வேணாம்மா" என்றார். "அழுவட்டும்."